கொடிக்கம்பத்து விளக்கு

புளியடிக்குடா,
திருகோணமலை.
14.06.2024

அன்பு மச்சான் முனீப்,

நான் சுகம். பூரணமும் சுகம் என்று எழுத ஆசைதான், ஆனால் உனக்குப் பொய் எழுதிப் பழக்கமில்லை. ஜெமீலாவும் பிள்ளையும் நல்லாயிருக்க வேண்டும்.

முதலில் சண்டை. போன செவ்வாய்க்கிழமை கடற்படை முகாம் வாசலில் ஜீப்பின் முன் சீட்டில் மஞ்சள் தொப்பியோடு இருந்தது நீதானே? சைக்கிளை நிறுத்திக் கையைத் தூக்கினேன். என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பி மரத்தை ரசித்தாய். அந்தப் பக்கம் மரமே இல்லை. கட்டாரில் பன்னிரண்டு வருடம் வெயில் குடித்தவனுக்குக் கண் மங்கியிருக்கும் என்று என்னைக் கட்டின பூரணமே உனக்காக வாதாடினாள். முப்பத்தினாலு வருடம் ஒன்றாகக் கரண்ட் போஸ்ட் ஏறியவனைத் தெரியாத அளவுக்கு எந்த வெயிலும் மங்கச் செய்யாது என்றேன்.

எனக்குக் காது முழுதாகப் போய்விட்டது. ஒருவரோடும் போனில் கதைக்க ஏலாது. அதனால்தான் இந்தக் காலத்திலும் தபால்காரனுக்கு வேலை கொடுக்கிறேன்.

பூரணத்தின் நுரையீரல் சுருங்கிக்கொண்டு வருகிறதாம். நாள் முழுக்க மூக்கில் குழாய். ஒட்சிசன் மெசின் சுவரில் செருகியிருக்கிறது, கரண்ட் நின்றால் அதுவும் நிற்கும். ஆஸ்பத்திரியில் தந்த பற்றரிப் பெட்டி ஒரு மணித்தியாலம் தாங்கும். முடியப்போகும்போது கீ கீ என்று கத்துமாம். அதைக் கேட்க எனக்குக் காது வேண்டுமே! வைகாசியில் ஒருநாள் நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால் அவளுடைய உதடு நாவல்பழம் தின்ற மாதிரி. பெட்டி எத்தனை தரம் கத்தியதோ தெரியாது.

அன்றைக்கு அவளைக் காப்பாற்றியது நம்முடைய வயர். தொண்ணூற்றொன்றில் நீயும் நானும் இழுத்தோமே, முகாமுக்குள்ளிருந்து வேலியைத் தாண்டி எங்கள் ஒழுங்கைக்கு. இங்கே இருந்த பிரசவ விடுதியில் இருட்டில் ஒரு பெண் செத்தபிறகு அந்தக் கட்டைக் கொமாண்டர் மனமிரங்கி, கடதாசி இல்லாமல் இழுக்கச் சொன்னான். விடுதி பெரிய ரோட்டுக்குப் போய்ப் பல வருடம். வயரின் சுவிட்சுப் பெட்டி மட்டும் என் வாசல் படலையடியில் இருக்கிறது. பிடி கீழே இருந்தால் மின்சார சபைக் கரண்ட். மேலே தூக்கினால் முகாம் கரண்ட், ஒழுங்கையின் கடைசி நாலு போஸ்டுக்கும் மூன்று வீட்டுக்கும். கொட்டிலில் கிடக்கும் என் ஜெனரேற்றர்தான் ஓடுகிறது என்று அயலுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அது ஓடி எட்டு வருடம். வெளியே கரண்ட் நின்று முகாமின் டீசல் உறுமத் தொடங்கினால் இந்தச் செவிடனுக்கும் உள்ளங்காலில் தெரியும். அப்போது பிடியைத் தூக்குவேன்.

முகாமுக்குப் புதுக் கரண்ட் ஏற்பாடு நடக்கிறதாம், வெளி வயர் எல்லாவற்றையும் வெட்டப்போகிறார்களாம் என்று கடையடியில் கதை. நீதான் அங்கே பெரியாள். நம் வயரை என்ன செய்யப்போகிறாய்?

கோபம் பாதி தீர்ந்தது. மிச்சம் உன் பதிலைப் பார்த்து.

உன்,
வீரம்

*

கிண்ணியா.
28.06.2024, வெள்ளி

அன்பின் வீரம்,

இறைவன் துணையால் எல்லோரும் சுகம். தங்கச்சி பூரணத்தின் நிலைமையை வாசித்ததிலிருந்து ஜெமீலா ஒவ்வொரு தொழுகையிலும் அவளுக்காகக் கையேந்துகிறாள்.

ஜீப்பில் இருந்தது நான்தான். மரம் இல்லாததும் எனக்குத் தெரியும். இந்தக் கொம்பனி என்னை எடுக்கும்போது ஒரு படிவம் தந்தது. முகாமைச் சுற்றி மூன்று மைலுக்குள் உறவினர், நண்பர் உண்டா என்று ஒரு கேள்வி. இல்லை என்று எழுதினேன். ஓம் என்று எழுதியிருந்தால் வேலை இல்லை. உன்னை இல்லை என்று எழுதிய கையால்தான் இதையும் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். உன் வீட்டுக்கு நான் வர ஏலாது. போனையும் வாசலில் வாங்கித் திறந்து பார்க்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வீட்டுக்கு வரும்போது எழுதுவேன். நீயும் இந்த விலாசத்துக்கே எழுது.

நாங்கள் போடுவதற்கு மைக்ரோகிரிட் என்று பெயர். முகாமுக்குள்ளே ஒரு குட்டி மின்சார சபை என்று வைத்துக்கொள். கூரை எல்லாம் சோலர், கொள்கலன் பெட்டிகளில் பற்றரி, கடைசிக் காவலுக்கு டீசல். நாடே இருண்டாலும் உள்ளே பாண் சுடும் போறணை முதல் ராடார் வரை ஒன்றும் நிற்காது. வெளியே கரண்ட் போன கணமே கதவைச் சாத்திக்கொண்டு தன் பாட்டில் ஓடும். வெளியிலிருந்து ஒருவரும் கை வைக்க ஏலாமல் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இவ்வளவு பாடும். வேலியைத் தாண்டும் ஒவ்வொரு வயரையும் பட்டியல் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பட்டியலில் இருப்பதை வெட்டுவார்கள். எழுதும் ஆள் நான்.

எழுதாமல் விடலாமே என்று கேட்கப்போகிறாய். ஏலாது, மச்சான். படிவத்துக்குப் பயந்து சொல்லவில்லை. டீசல் உறுமினால் போஸ்டில் நிற்பவன் கையை எடுப்பான். பற்றரிக்குச் சத்தமே இல்லை. ஒருவன் மேலே நிற்கும்போது நீ பிடியைத் தூக்கினால் என்ன நடக்கும் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? தங்கச்சியை டவுனில் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு வீட்டில் வைத்துப் பார்.

ஒரு புதினமான செய்தி. மகன் றிகாஸ் லைன்மன் ஆகிவிட்டான். தம்பலகாமத்தில் பயிற்சி. என்னைப் போல ஆகாதே என்று இருபத்திமூன்று வருடம் சொல்லி வளர்த்த பலன். முதல் கிழமையே யானை சாய்த்த போஸ்டை நிமிர்த்தினானாம். பெருமையாகத்தான் இருக்கிறது, அவனுக்குச் சொல்லவில்லை.

முனீப்

*

புளியடிக்குடா.
09.07.2024

முனீப்,

உன் கடிதத்தைப் பூரணத்துக்கு வாசித்துக் காட்டவில்லை. நீ சுகம் விசாரித்திருக்கிறாய் என்று மட்டும் சொன்னேன்.

டவுனில் வீடு பார் என்கிறாய். டவுனில் கரண்ட் நிற்காதா? ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அவர்கள்தான் அனுப்பினார்கள். கடல்காற்று முகத்தில் பட்டால்தான் அவளுக்குக் கொஞ்சமாவது நித்திரை வருகிறது. எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. அவளுக்கு நான், எனக்கு அவள். கரண்ட் நின்றால் கதிரையில் இருந்து அந்தப் பற்றரிப் பெட்டியின் விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கக்கூசுக்குப் போனாலும் ஓடி வருகிறேன்.

சொல்லக்கூடாது என்று வைத்திருந்த ஒன்றைச் சொல்லப்போகிறேன். தொண்ணூற்றிரண்டு ஆவணியில் முகாம் லைன் அறுந்து, நீ பாலத்தடியில் போஸ்டில் நின்றாய். நான் சுவிட்சடியில். உன்னுடைய சிவப்பு அட்டை பிடியில் தொங்கியது. முகாமுக்குள் கரண்ட் இல்லாமல் வெறிபிடித்த சிப்பாய் ஒருத்தன் ஓடிவந்து துவக்கை என் நெஞ்சில் வைத்து, போடு என்றான். தகர அட்டையில் உன் பெயர். தொங்கவிட்டவன்தான் வந்து கழற்ற வேண்டும், வேறு ஒருவர் கையும் படக்கூடாது என்பதுதானே நம் தொழில். நான் போடவில்லை. அரை மணித்தியாலம் துவக்கு நெஞ்சில் இருந்தது. நீ இறங்கி வந்து, ஏன் உன் சேட்டில் வட்டமாக ஒரு கறுப்பு என்று கேட்டாய். சைக்கிள் எண்ணெய் என்றேன்.

அது எண்ணெய் இல்லை, துவக்கு வாயின் தடம். இவ்வளவு காலம் இதை உனக்குச் சொல்லாதது எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையையும் இன்றைக்கு விட்டுவிட்டேன். நீ வயரைப் பட்டியலில் எழுதினால் பூரணம் சாவாள். இதைவிட வெளிப்படையாக எனக்கு எழுதத் தெரியாது.

வீரம்

*

கிண்ணியா.
26.07.2024, வெள்ளி

அன்பின் வீரம்,

கறுப்பு எண்ணெய் இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நீ சொல்லட்டும் என்று இருந்தேன்.

பட்டியல் போய்விட்டது. அதில் நம் வயர் இல்லை. வரைபடத்தில் அது வேலிக்கு உள்ளேயே நின்றுவிடுகிறது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு வாட்டையும் எண்ணும், அதனால் அந்தச் சுமைக்கு ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது. கொடிக்கம்பத்து விளக்கு என்று பதிந்தேன். கொடி விளக்கு அணையக்கூடாத முதல் வரிசையில் இருக்கிறது. பற்றரி குறைந்து அதிகாரிகளின் ஏசி நின்றாலும் தங்கச்சியின் மெசின் நிற்காது. சிரிக்காதே.

இனி நான் சொல்வதைச் செய். கரண்ட் நின்றதும் பிடியில் கை வைக்காதே. ஒழுங்கை வளைவு வரை இருபது அடி நடந்து போ. வளைவிலிருந்து பார்த்தால்தான் மூன்றாம் போஸ்ட் தெரியும். நாலு போஸ்டையும் கண்ணால் எண்ணு. ஒருவரும் இல்லை என்றால் வந்து தூக்கு. காதுதான் இல்லை, காலும் கண்ணும் இருக்கிறதே. ஒவ்வொரு முறையும், மச்சான். மழையானாலும், அவசரமானாலும்.

றிகாசை டவுன் டிப்போவுக்கு மாற்றியிருக்கிறார்கள். உங்கள் பக்கமும் அவன் பொறுப்பு. அவனுக்கு இந்த வயரைப் பற்றிச் சொல்லாதே. தெரிந்தால் எழுதிக்கொடுக்க வேண்டும், எழுதாமல் விட்டால் புதுப் பையன், வேலை போய்விடும். உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறான், அனுப்புகிறேன். நான் வர முடியாத வீட்டுக்கு அவனாவது வரட்டும்.

முனீப்

*

புளியடிக்குடா.
18.11.2024

அன்பு மச்சான் முனீப்,

மழை பிடித்துவிட்டது. ஒழுங்கை முழுக்கச் சேறு. ஆனாலும் பூரணம் இந்த மாரியில் நான் நினைத்ததைவிட நன்றாக இருக்கிறாள். மூன்று தரம் கரண்ட் நின்றது, மூன்று தரமும் வளைவு வரை போய் எண்ணிவிட்டு வந்துதான் தூக்கினேன். நீ நம்பமாட்டாய் என்று சாட்சிக்குப் பூரணத்தை யன்னலில் இருத்தினேன்.

உன் மகன் வந்தான்! உன்னைப் போல அழகில்லை, ஜெமீலாவின் முகம், தப்பினான். கொண்டுவந்த தொதலைப் பூரணம் ஒளித்து வைத்துத் தின்கிறாள். ஒரு கொப்பியை என் மடியில் வைத்து அவன் எழுத, நான் பதில் சொல்ல, இரண்டு மணித்தியாலம் கதைத்தோம். கையெழுத்து மட்டும் உன்னுடையதுதான், அதே கோணல். நான் கேளாமலே மெசினின் தூசி வடியைக் கழற்றிக் கழுவிக் காயவைத்துப் பூட்டிவிட்டான். மாமி, மாமி என்று அவளுக்குப் பின்னாலேயே நின்றான். அவன் போனபிறகு அவள் கொஞ்சநேரம் அழுதாள். வருத்தத்தில் இல்லை.

மூன்றாம் போஸ்டில் ஒரு தென்னோலை வயரில் உரசிக்கொண்டு கிடக்கிறது, காற்றடித்தால் பொறி பறக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, "கரண்ட் நிக்கிற ஒரு நாள் வந்து வெட்டித்தாறன் மாமா" என்று கொப்பியில் எழுதினான். கண் கூர்மை. படலையடியில் உள்ள பெட்டியையும் கவனித்துவிட்டான். இது என்ன என்று கேட்டான். பழைய பெட்டி, உள்ளே ஒன்றுமில்லை என்றேன். கரண்ட் நின்றால் மாமிக்கு என்ன செய்வீங்கள் என்றான். கொட்டிலில் ஜெனரேற்றர் இருக்கிறது என்றேன்.

இரவு பூரணம் மூக்குக் குழாயை விலக்கிவிட்டு, நான் உதட்டைப் பார்த்து விளங்கும்படி மெதுவாகச் சொன்னாள்: "பிள்ளையிட்டப் பொய் சொல்லிப்போட்டீங்கள். எனக்கு அது பிடிக்கேல்ல." வயரைப் பற்றிச் சொல்லாதே என்று நீ எழுதியதைச் சொல்லி உன்மேல் போட்டுவிட்டேன்.

உன்,
வீரம்

*

கிண்ணியா.
17.01.2025, வெள்ளி

அன்பின் வீரம்,

பொங்கல் நல்லபடியாகப் போயிருக்கும். நீ அனுப்பிய கணவாய்க் கருவாடு வீட்டில் இரண்டு நாள் நிற்கவில்லை.

போன திங்கள் எங்கள் சோதனை நாள். கொழும்பிலிருந்து பெரியவர்கள் எல்லோரும் வந்து நிற்க, வெளி லைனை வேண்டுமென்றே அறுத்தோம். ஒரு விளக்குக்கூடக் கண் சிமிட்டவில்லை. ஒரு சத்தமும் இல்லை. முன்பு டீசல் எழும்பினால் மரத்துக் காகம் எல்லாம் பறக்கும். அன்றைக்கு ஒரு காகமும் அசையவில்லை. கை தட்டினார்கள், எனக்கும் சந்தோஷம். அறுபத்திமூன்று வயதில் இப்படி ஒன்றைச் செய்து முடித்திருக்கிறேன்.

ஆனால் அந்தச் சத்தமில்லாமைதான் மனதில் கிடந்து அறுக்கிறது. றிகாசுக்குச் சொல்லிவிடுவோமா? அவன் எழுதிக்கொடுக்கட்டும், எனக்கு வருவது வரட்டும். நானாக முடிவெடுத்தால் தங்கச்சியின் மூச்சை நான் பிடுங்கின மாதிரி. நீ சொல், வீரம். நீ ஓம் என்றால் அடுத்த வெள்ளிக்கிழமையே அவனை இருத்திவைத்துச் சொல்லிவிடுகிறேன்.

முனீப்

*

புளியடிக்குடா.
24.01.2025

அன்பு மச்சான்,

சொல்லத்தான் வேண்டும். எனக்கும் விளங்குகிறது. ஆனால் இப்போது பனிக்காலம், பூரணத்துக்கு விடியற்காலையில் மூச்சு எடுக்கவே ஏலாமல் இருக்கிறது. மாசி கழியட்டும். வெயில் வந்தால் கொஞ்சம் இலேசாகும், அதற்குள் நான் வேறு வழி பார்க்கிறேன். பிறகு றிகாசை மடியில் இருத்தாத குறையாக இருத்தி நானே சொல்லுகிறேன். பொய் சொன்னவன் நான், உண்மையும் என் வாயால் வரட்டும்.

ஒரு மாதம்தான் கேட்கிறேன்.

உன்,
வீரம்

*

புளியடிக்குடா.
20.02.2025

முனீப்,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நாலு கடதாசி கிழித்துவிட்டேன்.

பத்தாம் திகதி திங்கட்கிழமை ஜனாஸா அடக்கத்துக்குக் கிண்ணியா வந்தனான். உங்கள் தெருமுனையில் உள்ள கடைக்கு எதிரே நின்றேன். உன்னைத் தூரத்தில் கண்டேன். இந்தமுறை நீ என்னைக் காணவில்லை. கிட்ட வராமலே திரும்பிவிட்டேன்.

என்ன நடந்தது என்று நீ என்னிடமிருந்துதான் கேட்க வேண்டும். அதற்கு முதல்நாள் ஞாயிறு பதினொன்றேகால் போல கரண்ட் நின்றது. எங்கேயோ ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்டது என்று பிறகுதான் கதை வந்தது. பற்றரிப் பெட்டியில் மெசினை மாட்டிவிட்டு நான் பின்வளவில் கிணற்றடிக்குப் போனேன். அந்த நேரம் றிகாஸ் படலையில் வந்து நின்று மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறான். வீரம் மாமா, வீரம் மாமா என்று. அடுத்த வீட்டு லக்சாயினி சொன்னாள். என் முதுகு அவனுக்குத் தெரிந்திருக்கும். எனக்குக் கேட்கவில்லை. கொஞ்சநேரம் காது கொடுத்துக் கேட்டிருக்கிறான். "ஜெனரேற்றரும் ஓடேல்ல அக்கா, நாடே இருட்டு. இதைவிட நல்ல சமயம் கிடையாது. ஓலையை வெட்டிவிட்டால் மாமிக்குப் பயமில்லை" என்று சொல்லிவிட்டு ஏணியோடு வளைவுக்கு அந்தப் பக்கம் போனானாம்.

நாடு முழுக்க நின்ற நாட்களில் நாமும் சோதிக்காமல்தானே ஏறினோம், முனீப். உன் அட்டையும் என் அட்டையும் சட்டைப் பைக்குள் கிடக்கும். அவனுடையதும் அவன் பைக்குள்தான் இருந்ததாம்.

நான் உள்ளே வந்தேன். பெட்டியின் விளக்கு அன்றைக்கு நேரத்தோடு சிவந்திருந்தது, பூரணத்தின் கை குளிர்ந்திருந்தது. ஓடினேன். வளைவு வரை நடக்கவில்லை. இருபது அடி. ஞாயிற்றுக்கிழமை, நாடே நின்ற நாள், யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேனா, நினைக்கவே இல்லையா, எனக்கே தெரியாது. பிடியைத் தூக்கினேன். மெசினில் பச்சை விளக்கு வந்தது. அவள் முகத்தில் நிறம் திரும்பியது. சந்தோஷத்தில் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தேன்.

லக்சாயினி ஓடிவந்து வாசலில் நின்றாள். அவளுடைய வாய் திறந்து திறந்து மூடியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணி குடிக்கிறியா பிள்ளை என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

வேறு எழுத ஏலாது.

பொலிசில் என் ஜெனரேற்றரை வயரில் மாட்டியிருந்தேன் என்று சொன்னேன். அயலும் அப்படித்தான் நம்புகிறது. வழக்கு என்பேரில். உன் பெயரும் கொடிக்கம்பமும் வெளியே வரவில்லை, வராது. வயர் அப்படியே இருக்கிறது. ஆனால் பூரணம் அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "அந்தக் கரண்டில வாற மூச்சு எனக்கு வேண்டாம்." அதன்பிறகு பிடியை நான் தொடவில்லை.

துவக்கு நெஞ்சில் இருந்தபோது போடாதவன் நான். அதைச் சொல்லிக் காட்டித்தான் உன்னிடம் இதை வாங்கினேன். என்னைத் திட்டி நாலு வரியாவது எழுது.

வீரசிங்கம்

*

கிண்ணியா.
07.03.2025, வெள்ளி

வீரம்,

நோன்பு ஆறாம் நாள். ஜெமீலா இன்னும் மூன்று கோப்பை கழுவி வைக்கிறாள், பிறகு ஒன்றை எடுத்து உள்ளே வைக்கிறாள்.

உன்னைத் திட்ட எனக்கு வரவில்லை. மச்சான் என்று எழுதவும் கை வரவில்லை.

நீ சொன்னதை வாசித்தேன். நான் சொல்வதையும் நீ தெரிந்துகொள். அன்றைக்கு நான் முகாமுக்குள் ஸ்கிரீனுக்கு முன்னால் இருந்தேன். நாடு இருண்டதும் எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள், அவ்வளவு அழகாக ஓடியது. பதினொன்று ஐம்பத்திரண்டுக்குக் கொடிக்கம்பத்து விளக்கு என்ற வரியில் எண் ஏறியது. ஒருதரம் துள்ளியது. பிறகு ஒழுங்காக நின்றது. தங்கச்சியின் மெசின் ஓடத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன், அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்தத் துள்ளல் என் மகன். கம்ப்யூட்டரில் அது இன்னும் பதிவாகி இருக்கிறது. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போய் அந்த வரியைத் திறந்து பார்க்கிறேன்.

உன் ஜெனரேற்றர்ப் பொய்யை நான் உன்னிடம் கேட்டு வாங்கவில்லை. நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்ததும் கொடிக்கம்பத்தைப் பற்றி முகாமில் சொல்லப்போகிறேன், பொலிசிலும் சொல்வேன். அதுவரை வயரில் உயிர் இருக்கும். இன்றைக்கே சொல்லலாம். தங்கச்சியின் முகம் வந்து நிற்கிறது. நான் மனிதன்தானே.

இத்தோடு றிகாசின் அட்டையை வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் உடுப்போடு சேர்த்துத் தந்தார்கள். பைக்குள் இருந்ததால் ஒரு கீறலும் இல்லை. அதை அந்தப் பிடியில் தொங்கவிடு. அன்றைக்குத் தொங்கியிருக்க வேண்டியது.

இனி எனக்கு எழுதாதே. தங்கச்சியை நான் குறை நினைக்கவில்லை என்று மட்டும் அவளிடம் சொல்.

முனீப்

*

புளியடிக்குடா.
24.03.2025

முனீப்,

எழுதாதே என்றாய். இது ஒன்றுதான், இதற்குப் பதில் வேண்டாம்.

அட்டை வந்த அன்றே தொங்கவிட்டேன். பூரணத்தை யன்னலடிக் கதிரையில் இருத்தி, அவள் பார்க்கத்தான் செய்தேன். நீ குறை நினைக்கவில்லை என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், நம்பினாளோ தெரியாது.

பதினைந்தாம் திகதி மத்தியானம் கரண்ட் நின்றது. பெரிய இருட்டு ஒன்றுமில்லை, எங்கேயோ ஒரு வயர் அறுந்து இரண்டரை மணித்தியாலம். பற்றரிப் பெட்டியின் முன்னாலேயே இருந்தேன், கண் எடுக்கவில்லை. சிவந்ததும் லக்சாயினியை ஆட்டோவுக்கு அனுப்பினேன். அது வர நேரமாகியது. படலையடிக்குப் போனேன் முனீப், பொய் சொல்லமாட்டேன். வளைவு வரை நடந்தேன், நாலு போஸ்டையும் எண்ணினேன். ஒருவரும் இல்லை. திரும்பி வந்து சுவிட்சுப் பெட்டியைத் திறந்தேன். அ. மு. றிகாஸ் என்று கோணல் எழுத்தில் எழுதியிருந்தது, அவனே எழுதியிருப்பான் போல. யன்னலைப் பார்த்தேன். பூரணம் கையை மெதுவாக அசைத்தாள், வேண்டாம் என்று. அதில் கோபம் இல்லை. நான் போடவில்லை. தொங்கவிட்டவன் வந்து கழற்றாமல் நான் எப்படிப் போடுவது?

ஆட்டோவில் ஆஸ்பத்திரிச் சந்தி வரை என் தோளில் சாய்ந்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் மூச்சு என் கழுத்தில் படவில்லை.

இன்று காலையில் முகாம் ஆட்கள் ஐந்து பேர் வந்து வேலியடியில் வயரை வெட்டி, சுருட்டி, ட்ரக்கில் ஏற்றினார்கள். நீ சொல்லிவிட்டாய் என்று விளங்கியது. பொலிசில் நானும் உண்மையைச் சொல்லிவிட்டேன், இனி உனக்காக ஒரு பொய்யும் என்னிடம் இல்லை. அவர்கள் பெட்டியையும் கழற்ற வந்தார்கள். நான் குறுக்கே நின்று அட்டையைக் காட்டினேன். எனக்கு அவர்களின் சிங்களம் அரைகுறை, அவர்கள் சொன்னது எனக்குக் கேட்கவும் இல்லை. அவர்களில் ஒருத்தன் மின்வேலைக்காரன், இடுப்பில் அதே மாதிரிச் சிவப்பு அட்டை. பெயர் எழுதிய இடத்தைப் பார்த்தான். கையை உயர்த்தி, இதுக்குரிய ஆள் எங்கே என்று கேட்டான் போல.

நான் வானத்தைக் காட்டினேன். அவன் தொப்பியைக் கழற்றினான். ஸ்குறூட்றைவரைப் பைக்குள் வைத்துவிட்டு, மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

பெட்டியில் இப்போது முகாம் வயர் இல்லை. அட்டை தொங்குகிறது. மழை படாமல் மேலே ஒரு தகரம் வைத்திருக்கிறேன்.

வீரம்